கையெழுத்து யாருடையது? வீட்டு வயரிங்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். அதனால் முதல் பதில் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அஸ்தம்பட்டியில் மேல்மாடி கட்டி முடித்துவிட்டோம். வயரிங் செய்தவர் இருபது வருடப் பழக்கம், நல்ல கைத்திறன். ஆனால் சான்றிதழ் இல்லை. புது மீட்டருக்கு, தெரிந்த ஒப்பந்ததாரரிடம் பணம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். அவருடைய கைத்திறனை நான் குறை சொல்லவில்லை. மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி, வயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் எடுத்துச் செய்ய வேண்டும். தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர் உடனிருக்க வேண்டும். கம்பி இழுப்பவரிடமும் அதற்குரிய சான்று இருக்க வேண்டும். இவற்றைத் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம். உங்களுக்குக் கரண்ட் தரும் மின் வாரியம் வேறு.

இணைப்பு கேட்டு விண்ணப்பிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. சோதித்து அறிக்கை தருவது ஒப்பந்ததாரர் பொறுப்பு. இணைப்பு கொடுக்குமுன் மின் வாரியம் தானே சோதிக்கலாம். இல்லையென்றால் ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட சோதனை முடிவை ஏற்றுக்கொள்ளலாம். இரண்டாவது வழியில் போனால், உங்கள் வீட்டுக்கு நடக்கும் ஒரே சோதனை அந்தக் கையெழுத்துதான். மாடிப்படியே ஏறாதவர் அதைப் போட்டால் சோதனையே நடக்கவில்லை என்று பொருள்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மேகரில் (கம்பி உறையின் தடையை அளக்கும் கருவி) 500 வோல்ட் கொடுத்து, கரண்ட் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு நிமிடம் பார்த்தால் குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வீட்டில் "சும்மா கையெழுத்துதானே" என்று என்னையும் கேட்டார்கள். கீசர் பெட்டியைத் திறந்தேன். பச்சை நிற எர்த் கம்பியை நறுக்கி, டேப் சுற்றி, பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்திருந்தார்கள். மேகர் அதைக் காட்டிக்கொடுத்திருக்காது; எர்த் தொடர்ச்சியைத் தனியாகப் பார்த்தால்தான் தெரியும்.

உங்களுக்கு இப்போதும் வழி இருக்கிறது. உரிமம் உள்ள ஒருவரை அழைத்து, எல்லாப் பெட்டிகளையும் திறந்து காட்டுங்கள். அவர் திருத்தச் சொல்வதைத் திருத்தி, அவரே சோதித்துக் கையெழுத்திடட்டும். அளவுகள் எழுதிய அறிக்கையின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். "அடுத்தவர் வேலைக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன்" என்று ஒருவர் மறுத்தால் கோபிக்காதீர்கள். அவர்தான் நல்ல ஒப்பந்ததாரர்.

ஃபேன், சுவிட்ச் மாற்றவும் உரிமம் வேண்டுமா?

வேண்டாம். விளக்கு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் ஆகியவற்றை அதே திறனில் மாற்றுவதற்கு விலக்கு உண்டு. பழைய சுவிட்ச் இருந்த இடத்திலிருந்து ஏசிக்குப் புதுக் கம்பி இழுத்தால் அந்த விலக்கு போய்விடும். மெயினை அணைத்துவிட்டுக் கை வையுங்கள்.

ஏற்காட்டில் காபித் தோட்ட வீடு. இரண்டு அறைகளை விருந்தினர்களுக்கு விட்டு, மூன்று கீசர்கள் வைத்திருக்கிறோம். யாரிடமாவது சொல்ல வேண்டுமா?

இரண்டு காரியத்துக்குச் சொல்ல வேண்டும். கீசர் ஒன்றுக்கு 2 கிலோவாட் என்றால் மூன்றுக்கு 6. வீட்டுக்கு அனுமதித்த மின்பளு அதற்குப் போதாமல் போகலாம். போதாதென்றால் மின் வாரியப் பிரிவு அலுவலகத்தில் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பியுங்கள். வாடகைக்கு விடுவது எந்தக் கட்டண வகையில் வரும் என்பதையும் அங்கேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அனுமதித்த நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தினால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இரட்டிப்புக் கட்டணம் விழும்.

நீங்கள் கேட்காத ஒன்று: எர்த். மலையில் முழ ஆழத்துக்குக் கீழே பாறை தட்டுகிற இடத்தில் பேருக்கு ஒரு குழி தோண்டிக் குழாயை நிறுத்துவதில் பயனில்லை. மண் ஆழமாகவும் ஈரமாகவும் உள்ள இடம் தோட்டத்தில் எங்கே என்று பார்த்து, அங்கே குழி எடுத்து எர்த் பட்டையை வீடு வரை இழுங்கள். 30 மில்லிஆம்பியர் கரண்ட் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் கட்டாயம். ஈரக் கையோடு கீசர் போடப் போகிறவர் உங்கள் விருந்தினர்.

லண்டனில் மகள் வீடு வாங்கியிருக்கிறாள். ஃப்யூஸ் போர்டு மாற்றியவர் "யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை" என்கிறார். சரியா?

சரியில்லை. இங்கிலாந்தில் கட்டட விதிகளின் 'பி' (P) பகுதி 2005 முதல் வீட்டு மின்வேலையைக் கட்டுப்படுத்துகிறது. 2013-இல் பட்டியலைச் சுருக்கினார்கள். ஆனாலும் ஃப்யூஸ் போர்டு மாற்றுவது, புதுச் சுற்று இழுப்பது இரண்டும் அறிவிக்க வேண்டியவைதான். அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தில் பதிவு செய்த எலக்ட்ரீஷியன் என்றால் அவரே சான்று செய்து, அறிவிப்பும் அனுப்பிவிடுவார். வேலை முடிந்து 30 நாளுக்குள் சான்றிதழ் வீட்டுக்கு வர வேண்டும். பதிவில்லாதவர் என்றால் வேலை தொடங்குமுன்பே உள்ளாட்சிக் கட்டடப் பிரிவுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் இந்தக் காகிதத்தைக் கேட்பது வழக்கம். போர்டு மாற்றியவர் எந்தத் திட்டத்தில் பதிவு செய்தவர் என்று மகளை இன்றே கேட்கச் சொல்லுங்கள்.