அந்தத் தண்டைப் புதைக்காதீர்கள்

கேள்வி: கோல்டுஃபிஷ் தொட்டியில் வைக்க ஓசூரில் ‘அனுபியாஸ் நானா’ என்ற செடி வாங்கினேன். கூழாங்கல்லுக்குள் நன்றாக அழுத்தி நட்டேன். இப்போது தண்டு கொழகொழவென்று அழுகி, இலைகள் தனியாக மிதக்கின்றன. எங்கள் போர் தண்ணீர் ரொம்ப உப்பு, அதனாலா? – ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: தண்ணீர் மேல் பழி போடாதீங்க, கடினத் தண்ணீரை அனுபியாஸ் பெரும்பாலும் தாங்கிவிடும். நீங்கள் அழுத்தி நட்டதுதான் வினை. இது மேற்கு ஆப்பிரிக்காவில், கேமரூன், நைஜீரியா பக்கத்து ஓடைகளில், பாறை மேலும் விழுந்த மரத்தின் மேலும் ஊர்ந்து பரவுகிற செடி. மஞ்சள் கிழங்கு மாதிரி படுத்திருக்கும் அந்தப் பச்சைத் தண்டு வெளியே தண்ணீர் ஓட்டத்தில் இருக்க வேண்டும், வேர் மட்டும் எதையாவது பிடித்துக்கொள்ளும். தண்டை மூடினால் அழுகத்தான் செய்யும்.

எல்லாம் போய்விட்டதா என்று பாருங்கள். கெட்டியான பச்சைத் துண்டு ஒன்று, இரண்டு மூன்று இலையோடு மிஞ்சியிருந்தால் போதும். அழுகிய பாகத்தைப் பிளேடால் சுத்தமாக வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஒரு கல்லில் நூலால் கட்டுங்கள் (கிரானைட் துண்டுக்கா நம் பக்கம் பஞ்சம்! கழுவிப் போட்டால் தண்ணீரின் தன்மையையும் மாற்றாது). இறுக்க வேண்டாம். வேர் கல்லைப் பிடித்த பிறகு நூலை அறுத்துவிடலாம்.

அப்புறம், பக்கத்தில் பெரிய லைட் போடாதீர்கள். இது நிழலில் வளர்வது, அதுவும் ரொம்ப மெதுவாக. வெளிச்சம் அதிகமானால் பழைய இலைகள் மேல் பாசி படிந்துவிடும், பிறகு தேய்த்தாலும் லேசில் போகாது. உரம், கார்பன் டை ஆக்சைடு என்று கடையில் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள், இந்தச் செடிக்கு அவசியமில்லை. கோல்டுஃபிஷ் தொட்டிக்கு இதைத் தேர்ந்தெடுத்தது சரிதான், இலை தோல் மாதிரி தடிப்பு, மென்மையான செடிகளை மேய்கிற மீன்கள்கூட இதைப் பெரும்பாலும் விட்டுவிடும்.

கேள்வி: அனுபியாஸ் சேம்புக் குடும்பம் என்கிறார்களே, இலையைச் சமைக்கலாமா? – ஒரு வாசகர், ஊத்தங்கரை

பதில்: வேண்டாம். சேம்பு, கருணை இவற்றில் நாக்கை அரிக்க வைக்கிற கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இந்தக் குடும்பத்துக்கே உள்ள குணம். சேம்பைப் புளி போட்டு வேக வைக்க நம் வீட்டில் தெரியும், இதை யாரும் சாப்பாட்டுக்காக வளர்க்கவில்லை. வெள்ளையாக, சின்னச் சேம்புப் பூ மாதிரி தண்ணீருக்குள்ளேயே பூத்தாலும் பார்த்து ரசியுங்கள், அவ்வளவுதான்.