ராஜினாமா எழுதிக் கொடுத்தால் என்னென்ன போகும்?

கேள்வி: ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஆபரேட்டராக இருக்கிறேன். பெர்மனென்ட். சேர்ந்து 4 வருடம் 10 மாதம் ஆகிறது. மொத்தச் சம்பளம் 19,500 ரூபாய், அதில் பேசிக் 11,000. ஈஎஸ்ஐ, பிஎஃப் இரண்டும் பிடிக்கிறார்கள். ஆர்டர் இல்லை என்று எங்கள் லைனையே மூடுகிறார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்தால் 40,000 ரூபாயும் அனுபவச் சான்றிதழும் தருவார்களாம், இல்லாவிட்டால் இரண்டும் கிடையாதாம். வெள்ளிக்கிழமை வரை டைம் கொடுத்திருக்கிறார் எச்.ஆர். வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகள், பைக் லோன். பிஎஃப் கன்சல்டன்ட் ஒருவர், பத்து நாளில் முழுப் பணத்தையும் எடுத்துத் தருகிறேன், நூற்றுக்கு எட்டு ரூபாய் கமிஷன் என்கிறார். அரசாங்கத்தில் ஏதாவது உதவி கிடைக்குமா ஐயா?

பதில்: கிடைக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி, வெள்ளிக்கிழமை நீங்கள் போடும் அந்த ஒரு கையெழுத்தில் காணாமல் போய்விடும். அதனால் உதவித்தொகையைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் கடிதத்துக்கு வருவோம்.

நீங்களாக வேலையை விட்டால் அது ராஜினாமா. வேலை இல்லை என்று கம்பெனி அனுப்பினால் அது ஆட்குறைப்பு. உங்கள் லைனை மூடுவது கம்பெனி, வேலையை விட்டதாக எழுதுவது மட்டும் நீங்களா? ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், இல்லாவிட்டால் அந்த மாதச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். அதோடு ஒவ்வொரு வருட சர்வீசுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட துண்டு முழு வருடமாகக் கணக்காகும் என்பதால் உங்களுக்கு 5 வருடம். இது 1947ஆம் வருடத் தொழிற்தகராறு சட்டத்திலேயே உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. 'சட்டமெல்லாம் மாறிவிட்டது தம்பி' என்று யாராவது தோளில் கை போட்டால், இந்தக் கணக்கு மாறவில்லை என்று சொல்லுங்கள். புதிய சட்டம் ஒன்றைக் கூட்டியும் இருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்பட்ட ஒவ்வொருவருக்கும் 15 நாள் சம்பளத்தை, வேலை இழந்தவர் புதுத் தொழில் கற்றுக்கொள்வதற்கான மறுதிறன் நிதிக்குக் கம்பெனி கட்ட வேண்டும், அந்தப் பணம் 45 நாளுக்குள் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும்.

எளிமைக்காக மொத்தச் சம்பளத்தையே வைத்துக் கணக்குப் போடுகிறேன். சில படிகள் கழிந்து தொகை கொஞ்சம் குறையலாம். நோட்டீஸ் சம்பளம் 19,500. இழப்பீடு 48,750. மறுதிறன் நிதி 9,750. ஆக 78,000 ரூபாய். இதைத்தான் உங்களிடமிருந்து 40,000 ரூபாய்க்கு வாங்கப் பார்க்கிறார்கள்.

இது பாதிக் கணக்குதான். மீதி ஈஎஸ்ஐயில் இருக்கிறது.

ஈஎஸ்ஐ என்றால் டிஸ்பென்சரியும் மாத்திரையும் என்று நினைக்கிறோம். 2005 ஏப்ரலிலிருந்து ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் அதில் இருக்கிறது. ஆட்குறைப்பிலோ ஆலை மூடலிலோ வேலை இழந்தவர் குறைந்தது 2 வருடம் சந்தா கட்டியிருந்தால், முதல் 12 மாதம் சம்பளத்தில் பாதியும் அடுத்த 12 மாதம் கால்பங்கும் கிடைக்கும். அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு ஈஎஸ்ஐ வைத்தியமும் உண்டு. இடையில் வேறு வேலை கிடைத்தால் நின்றுவிடும். உங்கள் சம்பளத்துக்கு முதல் வருடம் மாதம் 9,750 ரூபாய் வரை. 24 மாதமும் வேலை கிடைக்காமல் போனால் மொத்தம் 1,75,500 ரூபாய். ராஜினாமா கொடுத்தவருக்கு இதில் ஒரு பைசாகூடக் கிடையாது. இப்படி ஒரு திட்டம் இருப்பதை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து யாராவது உங்களிடம் சொல்லியிருக்கிறார்களா? மாதாமாதம் சந்தா பிடிக்க மட்டும் மறப்பதில்லை.

இன்னொன்று அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா. 2018 ஜூலையில் வந்தது. ஆயுளில் ஒரு தடவை, அதிகபட்சம் 90 நாளுக்கு, சராசரி தினக் கூலியில் பாதி. உங்களுக்குச் சுமார் 29,000 ரூபாய். 2 வருடம் காப்பீட்டு வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய சந்தா காலத்தில் (ஆறு மாதம் ஒரு சந்தா காலம்) 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும், அதற்கு முந்தைய மூன்று சந்தா காலங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள். வேலை போய் 30 நாள் கழித்து ஆன்லைனில் நீங்களே விண்ணப்பிக்கலாம், கம்பெனியின் கையெழுத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் இது நிரந்தரத் திட்டம் இல்லை. காலக்கெடு முடிவதும் நீட்டிப்பதுமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. வேலை போனவன் சோறு சாப்பிடுவதற்குக்கூட அரசாங்கம் தவணை முறையில்தான் மனது வைக்கும் போல. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே காலத்துக்கு இரண்டு திட்டத்திலும் பணம் வாங்க முடியாது. உங்களுக்கு முதலில் சொன்னதுதான் பெரியது.

இங்கே ஒரு பொறி. நீங்கள் போனதும் ஈஎஸ்ஐ தளத்தில் கம்பெனி ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். பட்டியலில் 'ரிட்ரெஞ்ச்மென்ட்', அதாவது ஆட்குறைப்பு, என்று தனியாகவே இருக்கிறது. ஆனாலும் பழக்க தோஷத்தில் 'லெஃப்ட் சர்வீஸ்' என்பதைத் தட்டிவிடுவார்கள். அப்புறம் கிளை அலுவலகத்தில் உங்களைப் பார்த்து, 'நீங்களே விட்டுவிட்டதாக இருக்கிறதே' என்பார்கள். எனவே ஆட்குறைப்பு என்ற சொல் உள்ள கடிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும். 'பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்' என்று பொத்தாம்பொதுவாக எழுதிய கடிதத்தை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

இனி கிராச்சுவிட்டி, அதாவது பல வருட சர்வீசுக்காக வேலை முடியும்போது கம்பெனி தரும் பணிக்கொடை. நீங்கள் இதைக் கேட்கவே இல்லை. 5 வருடம் ஆகவில்லை, அதனால் வராது என்று எச்.ஆர். சொல்லியிருப்பார், நீங்களும் நம்பியிருப்பீர்கள். இதில் நான் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன், ஏனென்றால் 4 வருடம் 10 மாதத்தில் ஆளை அனுப்புவது நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் வித்தை. சட்டம் 5 வருடத் தொடர் சர்வீஸ் கேட்கிறது, சரி. ஆனால் ஒரு வருடத் தொடர் சர்வீஸ் எது என்பதற்கும் அதே சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. அந்த வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் முழு வருடம். வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக நடக்கும் இடங்களில் 190 நாளே போதும். இந்த விளக்கத்தை ஐந்தாவது வருடத்துக்கும் பொருத்தி, 4 வருடமும் 240 நாளும் முடித்தவருக்கு கிராச்சுவிட்டி உண்டு என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1998இல் சொல்லிவிட்டது. எல்லா மாநிலத்திலும் இப்படிப் பார்ப்பதில்லை. நீங்கள் இருப்பது தமிழ்நாட்டில், அதனால் தைரியமாகக் கேளுங்கள். சம்பளத்தோடு கூடிய விடுப்பும் விடுமுறையும் 240இல் சேரும். சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்ட நாட்கள் சேராது. ஐந்தாவது வருடத்தின் வருகைப் பதிவை இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். 240 தாண்டியிருந்தால் 11,000ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி 5ஆல் பெருக்குங்கள், 31,730 ரூபாய் சொச்சம் வரும். 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டியோடு. இது மட்டும் ராஜினாமா செய்தாலும் போகாது. ஆகவே அந்த 40,000இல் கிராச்சுவிட்டியும் அடக்கம் என்று யாராவது எழுதி நீட்டினால், கம்பெனி உங்களுக்குக் கூடுதலாகத் தருவது எட்டாயிரம் சொச்சம்தான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

பிஎஃப் கன்சல்டன்ட் விஷயம். தயவுசெய்து அந்தக் கடைப் படியை மிதிக்காதீர்கள். ஆதாரோடு இணைத்த போன் நம்பர், யுஏஎன் என்கிற உங்கள் பிஎஃப் எண், வங்கிக் கணக்கு மூன்றும் சரியாக இருந்தால் கிளெய்ம் போடுவது உங்கள் போனிலேயே முடிகிற காரியம், கட்டணமும் கிடையாது. நூற்றுக்கு எட்டு ரூபாய் என்பது நீங்கள் சொல்லும் ஓடிபியை அவர் டைப் அடிப்பதற்கான கூலி. ராஜினாமா கொடுத்துவிட்டால் முழுப் பணமும் பத்து நாளில் என்பதும் நடக்காது. பிஎஃப் மத்திய அறங்காவலர் குழு 2025 அக்டோபரில் எடுத்த முடிவுப்படி, வேலை போனதும் 75 சதவீதம் எடுக்கலாம், மீதி 25 சதவீதம் 12 மாதம் வேலையில்லாமல் இருந்தால்தான். ஆட்குறைப்பில் போனவர் மட்டும் அந்த 25 சதவீதத்தையும் சேர்த்து முழுசாக எடுக்கலாம். முழுசாக எடுத்துத் தருகிறேன் என்பவர்கள் இல்லாத நோயையோ வாங்காத வீட்டையோ காரணம் காட்டிக் கிளெய்ம் போடுகிறார்கள். பொய்க் கிளெய்மில் மாட்டுவது உங்கள் பெயர், அவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. சிலர் உங்கள் கணக்கில் தங்கள் போன் நம்பரையே ஏற்றிவிடுவார்கள், அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

கம்பெனி கடைசி வேலை நாளைப் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே பதிந்துகொள்ளலாம். 5 வருடத்துக்குள் 50,000க்கு மேல் எடுத்தால் வரி பிடிப்பார்கள். வேலை போனது உங்கள் கையில் இல்லாத காரணத்தால் என்றால் அந்த வரி கிடையாது, அதற்கும் ஆட்குறைப்புக் கடிதம்தான் ஆதாரம். பென்ஷன் பகுதியை மட்டும் தொடாதீர்கள். இதுவரை சேர்ந்த பென்ஷன் சர்வீசுக்கு பிஎஃப் அலுவலகம் தரும் ஸ்கீம் சர்டிபிகேட்டை வாங்கி வைத்தால், அடுத்த வேலையின் சர்வீஸோடு சேர்ந்து பென்ஷனுக்கு வேண்டிய 10 வருடம் ஆக உதவும்.

மாநில அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை பற்றி யாராவது சொல்லி அலையவிடுவார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 வருடம் காத்திருந்தவர்களுக்கானது அது. பத்தாவது தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பட்டதாரிக்கு 600 ரூபாய். நேற்று வேலை போனவருக்கு இல்லை. பஸ் காசை மிச்சம் பிடியுங்கள். அதே அலுவலகம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்கு மட்டும் போங்கள், அது இலவசம். வேலைக்கு டெபாசிட் கேட்கும் எந்த ஏஜென்சியையும் நம்பாதீர்கள். பைக் லோனுக்குத் தவணை தவறும் முன்பே ஃபைனான்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லி அவகாசம் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் கடன் தரும் போன் ஆப் பக்கம் போகவே வேண்டாம்.

சரி, வெள்ளிக்கிழமை என்ன செய்வது? அதற்கு முன்னால், நாளைக்கே, சம்பளச் சீட்டுகள், வருகைப் பதிவு, நியமனக் கடிதம் எல்லாவற்றையும் கம்பெனி ஆப்பிலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். கேட்டைத் தாண்டியதும் முதலில் முடக்குவது உங்கள் லாகினைத்தான். வெற்றுத் தாளிலோ தேதி போடாத கடிதத்திலோ கையெழுத்து வேண்டாம். வாய்ப்பேச்சில் நேரத்தை வீணாக்காமல் எச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள், இவ்வளவு போதும்: 'நான் ராஜினாமா செய்ய விரும்பவில்லை. என் லைன் மூடப்படுவதாகத் தெரிவித்தீர்கள். அப்படியானால் சட்டப்படி ஆட்குறைப்பு நோட்டீஸ், இழப்பீடு, கிராச்சுவிட்டி ஆகியவற்றை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.' கோபமாக எதுவும் எழுத வேண்டாம். வேலையிலிருந்து எடுத்துவிட்டால் பாக்கிச் சம்பளம் 2 வேலை நாளுக்குள் வர வேண்டும், அதற்கு ராஜினாமா நிபந்தனை அல்ல. அனுபவச் சான்றிதழை வைத்து மிரட்டுவதற்கெல்லாம் பயப்படாதீர்கள். சம்பளச் சீட்டும் பிஎஃப் பாஸ்புக்கும் இருந்தால் நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதற்கும் மசியவில்லை என்றால் உங்கள் பகுதித் தொழிலாளர் உதவி ஆணையரிடம் மனு கொடுங்கள், சமரசப் பிரிவு என்று கேளுங்கள். வாசலில் நின்று மனு எழுதித் தருகிறேன் என்பவர்களிடம் காசு கொடுக்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டு, உங்கள் தாலுகா சட்டப் பணிகள் குழு எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். உங்கள் லைனிலிருந்து இன்னும் எத்தனை பேர் போகிறீர்களோ அத்தனை பேரும் சேர்ந்தே போய் மனு கொடுங்கள்.