புள்ளிக்கு ஐந்து ரூபாய்: எந்தப் புள்ளிக்கு?

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்கிறேன். எங்கள் ஊதிய ஒப்பந்தப்படி, அகில இந்திய விலைவாசிப் புள்ளி (2001=100) ஒன்று ஏறினால் பஞ்சப்படி 5 ரூபாய் கூடும். டிசம்பரை டிசம்பரோடு ஒப்பிட வேண்டும். 2023 டிசம்பரில் 138.8, 2024 டிசம்பரில் 143.7, ஆக 4.9 புள்ளிதான் என்று மாதம் 24 ரூபாய் 50 காசு கூட்டினார்கள். கணக்கு சரிதானா?

பதில்: பெருக்கல் சரி, புள்ளிதான் தவறு. உங்களுக்குக் கூடியிருக்க வேண்டியது 70 ரூபாய் 56 காசு.

உங்கள் அலுவலகம் எடுத்த இரண்டு எண்களும் உண்மையானவைதான். ஆனால் அவை 2016ஐ நூறாக வைத்துக் கணக்கிடப்பட்டவை. ஒப்பந்தமோ 2001ஐ நூறாக வைத்துப் பேசுகிறது. தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை மாதாமாதம் வெளியிடுவது மத்திய அரசின் தொழிலாளர் பணியகம். 2020 ஆகஸ்டில் அந்த எண் 338. அடுத்த மாதமே 118.1! விலைவாசி ஒன்றும் சரிந்துவிடவில்லை. அடிப்படை ஆண்டை மாற்றினார்கள், அவ்வளவுதான். பழைய அளவுக்குத் திரும்ப 2.88 என்ற இணைப்புக் காரணியையும் பணியகமே கொடுத்திருக்கிறது. 118.1ஐ 2.88ஆல் பெருக்கிப் பாருங்கள், 340 வரும்.

அதாவது, இன்றைய ஒரு புள்ளி உங்கள் ஒப்பந்தத்தின் 2.88 புள்ளிக்குச் சமம். 4.9ஐ 2.88ஆல் பெருக்கினால் 14.112, அதை ஐந்தால் பெருக்கினால் 70.56. மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படிக் கணக்கிலும் இதே 2.88தான் பயன்படுகிறது. ஆகவே நிர்வாகத்திடம் நீங்கள் புதிய சலுகை எதையும் கேட்கவில்லை.

'பணவீக்கம் குறைந்துவிட்டது, இனி பஞ்சப்படி எதற்கு' என்றும் சொல்வார்கள். பணவீக்கம் குறைவது என்றால் விலை ஏறும் வேகம் குறைவது. விலையே இறங்குவது அல்ல. தவிர, தொலைக்காட்சியில் வரும் பணவீக்க விகிதம் புள்ளியியல் அமைச்சகம் வெளியிடும் வேறொரு குறியீட்டிலிருந்து வருவது. உங்கள் ஒப்பந்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இழப்பு அங்கேதான் பெரிது. அந்த ஓராண்டில் குறியீடு ஏறியது சுமார் 3.5 சதவீதம். உங்கள் மொத்தச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வாங்கும் சக்தி குறையாமல் இருக்க ஏறக்குறைய 530 ரூபாய் கூட வேண்டும். சரியாகக் கணக்கிட்டாலும் கிடைப்பது 70 ரூபாய்தான். புள்ளிக்கு இத்தனை ரூபாய் என்று நிலையாகக் கட்டிவிட்டால், சம்பளம் கூடக்கூட அந்தப் பாதுகாப்பு தேய்ந்துகொண்டே போகும். குறியீடு ஏறிய சதவீதத்தைச் சம்பளத்தின் மீது கணக்கிடும் முறைக்கு அந்தக் குறை இல்லை. அடுத்த பேச்சுவார்த்தையில் சங்கம் பிடிக்க வேண்டிய நூல் இதுதான் என்பது என் கருத்து. நிர்வாகம் சதவீத முறைக்கு எளிதில் இணங்காது. புள்ளி விகிதத்தையாவது உயர்த்தச் சொல்லுங்கள்.

டிசம்பருக்கு டிசம்பர் என்ற ஒப்பீடும் எனக்கு உவப்பில்லை. ஒரு மாதத்தில் தக்காளி, வெங்காயம் மலிந்தால் போதும், உங்கள் ஓராண்டு உயர்வு அடிபடும். 2016ஐ நூறாக வைத்த குறியீட்டிலும் உணவு, பானங்களின் எடை, அதாவது மொத்தக் கணக்கில் அவற்றின் பங்கு, 39.17 சதவீதம். பன்னிரண்டு மாதச் சராசரிதான் நியாயம். தமிழ்நாட்டின் குறைந்தபட்ச ஊதிய அரசாணைகளிலும் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சராசரியை எடுத்து ஏப்ரல் 1 முதல் அகவிலைப்படியை மாற்றுவதே வழக்கம். அங்கே எடுத்துக்கொள்வது சென்னை நகரக் குறியீட்டை. உங்கள் ஒப்பந்தத்தின் அகில இந்திய எண்ணோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போதைக்கு, ஒப்பந்த நகலையும் 2.88 குறிப்பிடப்பட்ட பணியக அறிவிப்பையும் இணைத்து, சங்கத்தின் மூலம் நிர்வாகத்துக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் உதவி ஆணையரிடம் (சமரசம்) எடுத்துச் செல்லலாம். எழுதுவதற்கு முன் 2020க்குப் பிந்தைய சம்பளச் சீட்டுகளை எல்லாம் தேடி எடுத்துவிடுங்கள். இந்தத் தவறு இந்த ஒரு வருடம்தான் நடந்தது என்று நான் நம்பவில்லை.