மூன்று இடங்கள் யாருக்கு?

கேள்வி: ஒலிம்பிக் மராத்தானுக்கு ஒரே தகுதி ஓட்டத்தை வைத்து வீரர்களைத் தேர்ந்தெடுப்பது முறையா, சிறந்த நேரத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பது முறையா? (வாசகி, திருச்சி)

பதில்: பாரிஸ் 2024 போட்டிக்கான தகுதி நேரம் ஆண்களுக்கு 2 மணி 8 நிமிடம் 10 விநாடி, பெண்களுக்கு 2 மணி 26 நிமிடம் 50 விநாடி. அதை எட்டாதவர்களுக்கு உலகத் தரவரிசை வழியும் இருந்தது. ஆனால் ஒரு பிரிவில் ஒரு நாட்டிலிருந்து மூன்று பேருக்கு மேல் ஓட முடியாது.

அமெரிக்கா ஒரே தகுதி ஓட்டத்தை வைத்து ஒரே நாளில் முடிவு செய்தது. ஆர்லாண்டோவில் நடந்த அந்த ஓட்டத்தில் மூன்றாவதாக வந்த லியோனர்ட் கோரிர் தகுதி நேரத்தை எட்டாததால், தரவரிசை வழியே இடம் உறுதியாகும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. வெயிலில் ஓடி மூன்றாம் இடம் பிடித்த ஒருவருக்கு இது பெரும் கொடுமை என்றே எனக்குத் தோன்றுகிறது.

என் மனம் ஜப்பானின் முறையைத்தான் நாடுகிறது. 2023 அக்டோபரில் டோக்கியோவில் நடந்த தேர்வு ஓட்டத்தில் முதல் இரண்டு பேருக்கு உடனே இடம் கொடுத்துவிட்டு, மூன்றாவது இடத்தைப் பின்னர் வேகமாக ஓடிக் காட்டுபவருக்காக ஒதுக்கி வைத்தார்கள். பெண்கள் பிரிவில் அந்த இடத்தை, 2024 ஜனவரியில் ஒசாகாவில் 2 மணி 18 நிமிடம் 59 விநாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்த ஹொனாமி மயேதா பெற்றார். டோக்கியோவில் கொட்டும் மழையில் நடந்த ஆண்கள் தேர்வு ஓட்டத்தில் இரண்டாவதாக வந்த அகிரா அகாசாகி, பாரிஸில் ஆறாம் இடத்தைப் பிடித்தார்.