இதழியல் மாணவர் பக்க வடிவமைப்பையும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா?

செய்தி எழுதத்தானே இதழியல் சேர்ந்தேன், பக்கம் போடுவதை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். லேப் ஜர்னல், அதாவது மாணவர்களே பயிற்சிக்காகக் கொண்டுவரும் இதழ், வேலை வந்திருக்கும். குழுவில் வேறு யாரும் லேஅவுட்டுக்கு, அதாவது பக்க வடிவமைப்புக்கு, கை தூக்காததால் உங்கள் தலையில் விழுந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் விழுந்தது.

கற்றுக்கொள்ளுங்கள். மென்பொருளோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2013இல் மதுரையில் முதுகலை படித்தேன். வகுப்பில் நாங்கள் படித்த லேஅவுட் முழுக்க ஆங்கிலப் பத்திரிகைக்கானது. மாதிரிப் பக்கத்தில் நிரப்பியதும் அர்த்தமில்லாத லத்தீன் வாசகம். என் பக்கத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அதே பக்கத்தில் தமிழ்ச் செய்தியைக் கொட்டியதும் எல்லாம் குலைந்துபோனது. 'நெடுஞ்சாலைத்துறையினருக்கு' என்று ஒரு சொல் வந்தால் ஒற்றைக் காலத்தில் (பக்கத்தை நெடுக்காகப் பிரித்த ஒரு பத்தி, ஆங்கிலத்தில் column) ஒரு வரியையே அது பிடித்துக்கொள்கிறது. அதற்கு மேல் வரியை ஓரம் வரை இழுத்து நிரப்பும்போது அங்கே இருக்கும் இரண்டு சொற்களுக்கு நடுவே விரல் நுழையும் அளவு வெள்ளை விழுகிறது. இரண்டு வரித் தலைப்பை நெருக்கினால் மேல் வரி 'கூ'வின் வால் கீழ் வரி 'தீ'யின் சுழியில் இடிக்கிறது. ஆங்கிலத்தில் கேப்பிட்டல் எழுத்தில் போட்டு ஒரு தலைப்பை எடுத்துக்காட்டலாம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே கிடையாது. எழுத்தின் அளவையும் தடிமனையும் சுற்றிலும் விடுகிற வெள்ளையையும் வைத்துத்தான் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாடத்திட்டத்தில் இருந்ததை அக்கறையாகத்தான் நடத்தினார்கள்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். 16 பக்க இதழ், 300 பிரதி. செய்திகளை எல்லோரும் யூனிகோடில், அதாவது இன்று எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையில், அடித்துக் கொடுத்தார்கள். எங்கள் லேபில் இருந்த இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்பில் யூனிகோடு தமிழ் சரியாக வரவில்லை. 'கொடைக்கானல்' என்று போட்டால் ஒற்றைக்கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கும். அதற்கு மூன்று வருடம் முன்பே, 2010இல், தமிழ்நாடு அரசு யூனிகோடையும், யூனிகோடு ஓடாத இடங்களுக்கு டேஸ் 16 என்ற இன்னொரு தமிழ்க் குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்திருந்தது. ஆனால் லேபில் ஓடியது பாமினி என்ற பழைய எழுத்துருதான். அதனால் எல்லாச் செய்தியையும் எழுத்துருவை மாற்றித்தரும் ஒரு மென்பொருளில் போட்டுப் பாமினிக்கு மாற்றி, ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கம் முடித்து அச்சகத்துக்குக் கொண்டுபோனேன்.

அங்கே டிடிபி, அதாவது கணினியில் பக்கம் அமைக்கும் வேலை, பார்த்த அக்கா புரூஃப் (பிழை பார்க்கும் சோதனைப் பிரதி) எடுத்தார். இன்டிசைனுக்கு முந்தைய பேஜ்மேக்கர் மென்பொருள் காலத்திலிருந்து அந்த நாற்காலியில் இருப்பவர். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே, "ஏம்மா, இதைப் படிச்சுப் பாத்தியா?" என்றார். 'மதுரைஇ தேனிஇ திண்டுக்கல் மாவட்டங்களில்' என்று இருந்தது. 1,500 ரூபாய் '1இ500' ஆகியிருந்தது. பதினாறு பக்கமும் இப்படியே. பாமினியில் காற்புள்ளி விசையில் இருப்பது 'இ'. உண்மையான காற்புள்ளி வேறு இடத்தில் இருக்கிறது. மாற்றித்தந்த மென்பொருள் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டது, நானும் விட்டுவிட்டேன். பிழை பார்ப்பது எடிட் செய்பவரின் வேலை, நமக்குப் பக்கம் நன்றாகத் தெரிந்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

மொத்தமாகத் தேடி மாற்றவும் முடியாது. 'இந்தியா'வில் இருக்கும் 'இ'யும் சேர்ந்து போய்விடும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "'இ'ன்னு முடியுற சொல்லு ஒண்ணு சொல்லு பாப்போம்" என்றார். யோசித்தேன், வரவில்லை. "வராதும்மா. உயிரெழுத்து தனியா நிக்கணும்னா சொல்லுக்கு முன்னாலதான் நிக்கும். அப்ப 'இ'க்கு அப்புறம் ஸ்பேஸ் வந்தா அது கமாதான். அதை மட்டும் மாத்து." மாற்றினோம். ஐந்தே நிமிடத்தில் முக்கால்வாசி சரியானது. இடைவெளி இல்லாத எண்களை மட்டும் கையால் திருத்தினேன்.

அன்றைக்கு இன்னொன்றும் காட்டினார். மென்பொருள் 'பேராசிரியர்' என்ற சொல்லை உடைத்து 'ர்' மட்டும் அடுத்த வரியில் விழும்படி விட்டிருந்தது. "மெய்யெழுத்துல சொல்லு தொடங்குமா? தொடங்காதுல்ல, அப்ப வரியும் தொடங்கக் கூடாது." பள்ளிக்கூடத்தில் மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து என்று மனப்பாடம் செய்து ஒப்பித்தது இதற்குத்தானா என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த அக்கா பத்தாம் வகுப்பு வரை படித்தவர்.

அப்புறம் ஒரு தாளை மூன்று முறை மடித்து, பென்சிலால் 1 முதல் 16 வரை எண் போட்டு விரித்துக் காட்டினார். தாளின் முன்பக்கத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16. மற்றவை பின்பக்கம். எங்களிடம் இருந்த பணத்துக்குத் தாளின் ஒரு பக்கத்தில்தான் கலர் ஓட்ட முடியும். நானோ அழகர் திருவிழாப் படங்களை 6, 7இல் வைத்திருந்தேன். அவற்றை 8, 9க்குக் கொண்டுவந்ததும் நடுப்பக்கமாக விரிந்து இன்னும் நன்றாகவே அமைந்தது.

'இதெல்லாம் பழைய கதை, இப்போது யூனிகோடு வந்துவிட்டது' என்று யாராவது சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். புதிய இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு இடம் மாறுவதில்லை. ஆனால் பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன. யூனிகோடிலும் தமிழ்ச் சொல்லின் நீளம் குறையப்போவதில்லை. 'லேஅவுட் வெறும் ஒட்டுகிற வேலை' என்று சொல்லும் நிருபர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களுடைய நல்ல தலைப்பு பாதியில் உடையாமல் நிற்பதற்கு யாரோ ஒருவர் அரை மணி நேரம் மல்லுக்கட்டியிருக்கிறார்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகை டிசைன் செய்கிறேன் என்று வீட்டில் சொன்ன நாளிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் கல்யாணப் பத்திரிகைக்கு என்னிடம்தான் வருகிறார்கள். ஒருவரும் காசு தருவதில்லை. சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் முன்பணம் உண்டு. எனக்கு மட்டும் "நம்ம பிள்ளைதானே". ராத்திரி பதினொரு மணிக்கு, பெரியப்பா பெயர் சித்தப்பா பெயருக்குக் கீழே போய்விட்டது என்று சண்டை வேறு. தாய்மாமா வீட்டுப் பத்திரிகைக்கு ஒன்பது திருத்தம் செய்தேன். இதை எழுதும்போதும் கோபம் வருகிறது. உங்களிடமும் வருவார்கள், முதலிலேயே தொகையைச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் லேப் ஜர்னலுக்கு வருகிறேன். லத்தீன் வாசகத்தை வைத்து எதையும் வரையாதீர்கள். நேற்றைய தமிழ் நாளிதழ் ஒன்றை எடுத்து, காலத்தின் அகலத்தை ஸ்கேலால் அளந்து, உங்கள் குழுவின் உண்மையான செய்தியை அந்த அகலத்தில் ஓடவிடுங்கள். வரி எங்கெல்லாம் உடைகிறது என்று பேனாவால் வட்டம் போடுங்கள். கோப்பை அனுப்புவதற்கு முன்பே ஒருமுறை அச்சகத்துக்கு நேரில் போய், தாளின் எந்தப் பக்கத்தில் கலர் வரும் என்று கேட்டுவிடுங்கள். புரூஃப் வந்ததும் காற்புள்ளிகளை மட்டும் தனியாக ஒருமுறை பாருங்கள். எங்கள் இதழின் 11ஆம் பக்கத்தில் ஒரு 'இ' தப்பித்துவிட்டது. 300 பிரதியிலும் இருக்கிறது.