மரபணு சரியாக இருக்கிறது, அப்புறம் ஏன் ரத்தசோகை?

கேள்வி: என் மகளுக்கு நான்கு மாதம். பிறந்தபோதே ரத்தசோகையும் மஞ்சள் காமாலையும் இருந்ததால் இரண்டு முறை ரத்தம் ஏற்றினார்கள். என் கணவருக்கும் ஹீமோகுளோபின் எப்போதும் குறைவுதான். வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை. முன்பு தலசீமியா பரிசோதனை செய்தபோது அவருக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். இப்போது குழந்தையின் மரபணு அறிக்கையில், "பீட்டா குளோபின் மரபணுவில் பிழை இல்லை, ஒரு குரோமோசோமில் எல்.சி.ஆர். பகுதி இல்லை, எப்சிலான்-காமா-டெல்டா-பீட்டா தலசீமியா" என்று இருக்கிறது. கணவருக்கும் அதுவேதான். மரபணு நன்றாக இருந்தால் நோய் எப்படி வரும்? ஜீன் சிகிச்சை தேவையா? அடுத்த குழந்தைக்கும் வருமா?

பதில்: முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். பிறந்த சமயத்தில் ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போகிற இந்த வகை ரத்தசோகை பெரும்பாலும் சில மாதங்களில் தணிந்துவிடும். அதன் பிறகு உங்கள் மகளும் அப்பாவைப் போலத்தான் இருப்பாள். சிவப்பணுக்கள் சிறியவை, ஹீமோகுளோபின் சற்றுக் குறைவு. மற்றபடி ஓடியாடும் பிள்ளை. அதுவரை குழந்தை மருத்துவர் சொல்கிற இடைவெளியில் ரத்த அளவைப் பார்த்து வாருங்கள்.

தலசீமியா என்பது ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பரம்பரை ரத்தக் கோளாறு. சரி, மரபணு நன்றாக இருந்தும் அது ஏன் வருகிறது?

11-ஆம் குரோமோசோமின் ஒரு முனைக்கு அருகே, ஹீமோகுளோபினின் பகுதிகளைத் தயாரிக்கும் ஐந்து குளோபின் மரபணுக்கள் வரிசையாக இருக்கின்றன: எப்சிலான், இரண்டு காமா, டெல்டா, பீட்டா. வளர்ச்சியில் அவை வேலை செய்யும் முறையும் ஏறக்குறைய இதே வரிசைதான். கருவின் முதல் வாரங்களில் எப்சிலான், பிறக்கும் வரை காமா, பிறந்தபின் பீட்டா. டெல்டா எப்போதும் பெயருக்குக் கொஞ்சம். இந்த வரிசைக்கு முன்னால், எப்சிலானுக்கும் அந்தப் பக்கம், லோகஸ் கன்ட்ரோல் ரீஜன் என்ற பகுதி இருக்கிறது. உங்கள் அறிக்கையில் உள்ள எல்.சி.ஆர். இதுதான். இது எந்தப் புரதத்தையும் தயாரிப்பதில்லை. ஆனால் இதன் தூண்டுதல் இல்லாமல் அந்த ஐந்தும் உருப்படியாக வேலை செய்யாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே, அந்தக் கதை.

எல்.சி.ஆரிலிருந்து பீட்டா மரபணு சுமார் 50,000 டிஎன்ஏ எழுத்துகள் தள்ளி இருக்கிறது. அத்தனை தூரத்திலிருந்து எப்படித் தூண்டும்? ஒரு நூலை எடுங்கள். ஒரு முனையில் சிவப்புப் புள்ளி, கொஞ்சம் தள்ளி வரிசையாக ஐந்து நீலப் புள்ளிகள் வையுங்கள். சிவப்புப் புள்ளியைப் பிடித்துக் கடைசி நீலப் புள்ளியோடு ஒட்டுங்கள். நடுவில் உள்ள நூல் வளையமாகத் தொங்கும். எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவாக வளர்ந்துகொண்டிருக்கும் செல்லின் உட்கருவுக்குள் நடப்பது இதுதான். அந்த வளையத்தைப் பிடித்து வைப்பவை ஜிஏடிஏ1, எல்டிபி1 போன்ற புரதங்கள். மூளை செல்லிலும் இதே டிஎன்ஏ இருக்கிறது. ஆனால் அங்கே இந்த மடிப்பு விழுவதில்லை, ஹீமோகுளோபினும் உருவாவதில்லை.

மரபணு வேலை செய்வதால் மடிப்பு விழுகிறதா, மடிப்பு விழுவதால் மரபணு வேலை செய்கிறதா என்று சந்தேகம் வரலாம். விஞ்ஞானிகளுக்கும் வந்தது. ஃபிலடெல்ஃபியாவில் கெர்ட் ப்ளோபெலின் குழு 2012-இல் ஒரு காரியம் செய்தது. ஜிஏடிஏ1 இல்லாததால் வளையம் விழாத செல்களை எடுத்து, பீட்டா மரபணுவின் வாசலில் எல்டிபி1-ஐச் செயற்கையாகக் கட்டிவைத்தார்கள். வளையம் விழுந்தது, மரபணுவும் விழித்துக்கொண்டது. 2014-இல் இதே வித்தையை மனிதரின் வளர்ந்த சிவப்பணு முன்னோடி செல்களில் காமா மரபணுவுக்குச் செய்தபோது, காமா ஏறியது, பீட்டா இறங்கியது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனைகள் இவை.

உங்கள் வீட்டுக் கதைக்கு நெருக்கமானது இன்னும் பழையது. நெதர்லாந்தில் ஒரு குடும்பத்தின் தலசீமியாவை ஆராய்ந்தவர்கள் 1983-இல் எழுதினார்கள்: பீட்டா மரபணு முழுசாக இருக்கிறது, அதற்கு முன்னால் உள்ள பெரிய பகுதிதான் காணோம், ஆனாலும் மரபணு ஊமையாகக் கிடக்கிறது. எல்.சி.ஆர். என்ற ஒன்று இருப்பது புரிந்ததில் இந்தக் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி உங்கள் கணவரின் பழைய பரிசோதனை. சாதாரண பீட்டா தலசீமியா கடத்திகளுக்கு, அதாவது ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்கு, ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை பொதுவாக 3.5 சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஆய்வகம் தேடுவது அந்த உயர்வைத்தான். ஏ2 தயாராக டெல்டா மரபணு வேண்டும். உங்கள் கணவரின் ஒரு குரோமோசோமில் டெல்டாவும் சேர்ந்து உறங்குவதால் ஏ2 உயரவில்லை. "ஒன்றும் இல்லை" என்று முடிவு வந்தது. பீட்டா மரபணுவின் எழுத்துகளை மட்டும் படிக்கும் பரிசோதனையும் இதைக் கோட்டைவிடும், ஏனென்றால் எழுத்துகள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. எம்.எல்.பி.ஏ. போல, ஒவ்வொரு பகுதியும் எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் முறைதான் பிடிக்கும்.

பிறந்த அன்றே ஏன் ரத்தசோகை என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. கடுமையான பீட்டா தலசீமியா குழந்தைகள் பிறக்கும்போது நன்றாகவே இருப்பார்கள், அதுவரை காமா தாங்கிக்கொள்வதால். காமாவிலிருந்து பீட்டாவுக்கு மாறும் முதல் வருடத்தில்தான் வெளுக்கத் தொடங்குவார்கள். உங்கள் மகளுக்கு ஒரு குரோமோசோமில் காமாவும் வேலை செய்யாததால், தொல்லை வயிற்றிலேயே தொடங்கிவிட்டது.

ஜீன் சிகிச்சை அவளுக்குத் தேவையில்லை. இன்னொரு குரோமோசோம் முழுதாக இருக்கிறது. நீங்கள் கேள்விப்பட்டது 2023-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற காஸ்ஜெவியாக இருக்கலாம். அது காமாவை அடக்கிவைக்கும் பிசிஎல்11ஏ என்ற மரபணுவின் தூண்டுபகுதி ஒன்றை வெட்டி, காமா மீதான தடையை நீக்குகிறது. அந்தத் தூண்டுபகுதி சிவப்பணு வம்சத்தில் மட்டும் வேலை செய்வது என்பதால் மற்ற செல்களில் பிசிஎல்11ஏ வழக்கம்போல இருக்கும். ஆனால் தடையை நீக்கினாலும் காமாவைத் தூண்ட எல்.சி.ஆர். வேண்டும். அது இல்லாத குரோமோசோமில் வெட்டி என்ன பயன்?

அடுத்த குழந்தைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒரே குடும்பத்திலேயே ஒரு பிள்ளைக்கு ரத்தம் ஏற்ற வேண்டிவரும், இன்னொன்றுக்கு வேண்டிவராது. ஆகவே கர்ப்பம் தரித்தவுடன் மகப்பேறு மருத்துவரிடம் இந்த அறிக்கையைக் காட்டுங்கள். சிசுவுக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று ஸ்கேனில் மூளை ரத்தக்குழாயின் ஓட்டத்தை வைத்துக் கணிக்கலாம். அரிதாக வயிற்றில் இருக்கும்போதே ரத்தம் ஏற்றுவதும் உண்டு.

இதைவிட அவசரமானது உங்கள் பரிசோதனை. நீங்கள் பீட்டா தலசீமியா கடத்தியாக இருந்தால், உங்களிடமிருந்து பழுதான பீட்டாவும் கணவரிடமிருந்து எல்.சி.ஆர். இல்லாத குரோமோசோமும் ஒரே குழந்தைக்குப் போய்ச் சேரலாம். அது கடுமையான தலசீமியா ஆகலாம். அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். கணவரின் உடன்பிறந்தவர்களுக்கும் சொல்லுங்கள். ஏ2 மட்டும் பார்த்தால் போதாது என்பதையும் சேர்த்து.

அப்புறம் அந்த இரும்பு மாத்திரை. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு பார்த்து, குறைவாக இருந்தால் மட்டும் தொடரட்டும்.