டெஃப் ஊற்றிய பிறகும் மஞ்சள் விளக்கு அணையவில்லை

டெஃப் (டீசல் வண்டிப் புகையின் நச்சைக் குறைக்கத் தனி டாங்கில் ஊற்றும் திரவம்) 3 லிட்டர் ஊற்றியும் அதன் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை, வண்டியை எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எடுக்கலாம், ஆனால் களக்காட்டில் வாழைத்தார் ஏற்றுவதற்கு முன் இன்னும் ஒரு கேன் ஊற்றிவிடுங்கள். நீங்கள் ஊற்றிய 3 லிட்டர் பத்தாது என்று நினைக்கிறேன். பல பிஎஸ்6 (புகை மாசு விதி) வண்டிகளில் குறிப்பிட்ட அளவு ஏறினால்தான் சென்சார் அதைக் கணக்கில் எடுக்கும். எத்தனை லிட்டர் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும்.

ஊற்றியதும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ஒரு நிமிடம் வையுங்கள். அப்புறம் நாங்குநேரி வரை ஒரு ஓட்டம் போய்ப் பாருங்கள். டெஃப் அளவு காட்டும் முள் ஏறியும் விளக்கு எரிந்தால் அளவுப் பிரச்சினை இல்லை, திரவத்தின் தரமோ அதைப் புகையில் தெளிக்கும் இன்ஜெக்டரோ காரணமாக இருக்கலாம். குழாய் இணைப்பில் வெள்ளை உப்புப் படிந்திருக்கிறதா பாருங்கள். கசிவு இருந்தால் அப்படித்தான் படியும்.

கேன் எங்கே கிடந்தது? நான் ஒருமுறை கேபின் மேல் கட்டிவைத்த கேனை இரண்டு மாதம் கழித்து ஊற்றி மாட்டிக்கொண்டேன். நம்மூர் வெயிலில் அது சீக்கிரம் கெட்டுவிடும்.

டெஃபில் 32.5 சதவீதம் யூரியா, மீதி தாது நீக்கிய நீர். அதற்காக உரக்கடை யூரியாவைக் கரைத்து ஊற்றாதீர்கள். தாமிரபரணித் தண்ணீர் இனிப்புதான், அந்த டாங்குக்கு வேண்டாம்.

மீட்டரில், இன்னும் எவ்வளவு தூரம் ஓடலாம் என்று காட்டும் கிலோமீட்டர் குறைந்துகொண்டே வந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். லாரியில் இழுவை குறையும்; சில கார்களில் பூஜ்யம் ஆனபின் அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது.